பள்ளிக்கூடத்தில் ஊடகப் படிப்பு

நமது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக் கொடுக்கப்படுகின்றது. கணக்கு கற்றுக் கொடுக்கப்படுகின்றது. எந்த ராஜா எந்த வருஷத்தில் எந்தச் சண்டையில் செத்தான் என்பது கூடக் கற்றுக் கொடுக்கப்படுகின்றது. ஆனால் அச்சில் வந்ததெல்லாம் உண்மையாகிவிடாது, படத்தில் கண்டதெல்லாம் நடந்ததாகிவிடாது, பத்துப் பேர் அனுப்பிய சேதி என்பதாலேயே அது நிஜமாகிவிடாது என்கின்ற ஒரு சங்கதி மாத்திரம் ஒரு பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. பத்திரிகை, ரேடியோ, சினிமா, டெலிவிஷன், செல்போன் ஆகிய இவைகளை ஊடகம் என்கின்ற ஒரே பெயரால் இன்று அழைக்கின்றார்கள். இவைகளைப் பரிசோதித்துப் பார்க்கும் படிப்பை ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் ஆறாம் வகுப்பு முதல் ஒரு பாடமாகவே ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம்.

இப்படிச் சொன்னவுடன் சில பெரியவர்கள், "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தானே ஏமாறுகின்றார்கள்? படிப்பு பரவினால் எல்லாம் தானே சரியாய்ப் போய்விடும்" என்று சொல்லக்கூடும். 2011-ஆம் வருஷ ஜனக் கணக்குப்படியே நம் தமிழ்நாட்டில் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படிப்பு பரவித்தான் இருக்கின்றது. ஏமாற்றம் குறைந்திருக்கின்றதா என்பதுதான் கேள்வி.

1995-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி டெல்லியில் கிளம்பிய "பிள்ளையார் பால் குடிக்கின்றார்" என்கின்ற பேச்சு, அன்று பொழுது சாய்வதற்குள் நாடெங்கும் பரவி, கடல் தாண்டி லண்டன் வரையிலும் போய்விட்டது. அது கால்நடையாகவா போயிற்று? டெலிபோனில் போயிற்று, டெலிவிஷனில் போயிற்று. அந்தக் காலத்தில் வீட்டில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் யார்? ஏர் பிடிக்கும் குடியானவனா, மூட்டை சுமக்கும் கூலிக்காரனா? படித்தவர்களும், உத்தியோகஸ்தர்களும், வியாபாரிகளும் அல்லவா அதை வைத்திருந்தார்கள்! அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் வர்ணத்தைக் கலந்து சிலையிடம் வைத்துக் காட்டியபோது புரட்டு வெளியாயிற்று. கரண்டியின் விளிம்பில் ததும்பும் பாலை ஈரக் கல் தொட்டவுடன் பரப்பு இழுவிசை வெளியே இழுத்து விடுகின்றது. இழுக்கப்பட்ட பால் மெல்லிய படலமாய்ச் சிலையின் மேலேயே வழிந்து தரைக்கு வந்து சேருகின்றது. வெறும் பால் வழிவது கண்ணுக்குத் தெரியவில்லை. வர்ணப் பால் வழிவது தெரிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பரப்பு இழுவிசை என்பது பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் உள்ள பாடமாகும். அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவர்களே அன்று செம்பும் பாலுமாய் வரிசையில் நின்றார்கள். அது போதாதென்று 2006-ஆம் வருஷம் ஆகஸ்டில் அதே பிள்ளையார் அதே பாலை மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். 11 வருஷத்துக்கு முன் வெளுத்துப்போன பொய்யை மறுபடியும் சாயம் தோய்த்து விற்றார்கள். ஜனங்களும் மறுபடியும் வாங்கினார்கள். ஆகவே விஞ்ஞானப் பாடம் தெரிந்திருந்தால் மாத்திரம் போதாது, வந்த சேதியை நிறுத்தி வைத்து, "நீ யார், எங்கிருந்து வருகின்றாய்?" என்று கேட்கின்ற பழக்கமும் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

பாலாவது தரையில் கொட்டியதோடு போயிற்று. ரத்தம் கொட்டியதற்கு என்ன சொல்லுவது? 2018-ஆம் வருஷம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஒரு கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றார்கள், ஜாக்கிரதை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்தான் அந்தக் கூட்டத்தின் கையில் தடியைக் கொடுத்தது. அதே காலத்தில் இந்தியாவின் பல பாகங்களிலும் இதே பொய்க்கு வேறு பல உயிர்கள் பலியாயின. கடைசியாக அந்த வருஷம் ஜூலையில், ஒரு சேதியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கம்பெனிக்காரர்கள் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். அதாவது விரலுக்குப் பூட்டுப் போட்டார்கள். மூளையைத் திறந்துவிடுவது கம்பெனிக்காரர்கள் வேலையல்ல. அது பள்ளிக்கூடத்தின் வேலை.

இன்னொன்றும் சொல்லுகின்றோம். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்லுகின்றார்கள் என்று சில படங்கள் செல்போன்களில் பரவின. எங்கேயோ, எதற்காகவோ நடந்த சண்டைகளின் படங்களுக்குத் தமிழ்நாட்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் பனியன் மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்துகொண்டிருந்த ஏழைகள் நடுங்கினார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் ரயிலேறினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளையே இங்கு அனுப்பி விசாரித்தது. விசாரித்ததில் அந்தப் படங்கள் பொய்யென்று ஏற்பட்டது. இரண்டு நாட்டு உழைப்பாளிகளை ஒருவருக்கொருவர் விரோதிகளாக்க ஒரு பைசா செலவில்லாமல் முடிந்துவிட்டது. முற்காலத்தில் ஒரு புராணப் புரட்டைப் பரப்புவதற்கு ஏடு வேண்டியிருந்தது, அதைப் படிக்கக் கதாகாலட்சேபக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது, கேட்க மண்டபம் வேண்டியிருந்தது. இப்பொழுதோ கட்டை விரல் ஒன்றே போதும்.

நிற்க, அந்தப் படிப்பில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்கலாம். அதற்குப் பெரிய புஸ்தகம் ஒன்றும் தேவையில்லை. நான்கு கேள்விகள் போதும். இதைச் சொல்லுகிறவர் யார்? இவருக்கு இது எப்படித் தெரியும்? இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம்? இதில் யாருடைய பேச்சு விடுபட்டிருக்கின்றது? இந்த நான்கையும் தினசரி கையில் கிடைக்கின்ற காகிதத்தின் மேல் பிரயோகித்துப் பார்ப்பதே பாடமாகும்.

உதாரணமாக, ஒரே நாள் பத்திரிகைகள் இரண்டை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒரே சம்பவத்துக்கு ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் இடம் கொடுத்திருக்கின்றது என்று பிள்ளைகளே அடிக்கோல் வைத்து அளந்து பார்க்கட்டும். தலைப்பில் சொன்னது உள்ளே இருக்கின்றதா என்று தேடட்டும். "மணமகள் தேவை" பக்கத்தில் எத்தனை ஜாதித் தலைப்புகள் இருக்கின்றன என்று எண்ணட்டும். ஜாதியை ஒழிக்க வேண்டுமென்று முதல் பக்கத்தில் தலையங்கம் எழுதிவிட்டு, உள்பக்கத்தில் ஜாதிக்கு வரி வரியாய்க் காசு வாங்குவது எப்படி என்று அவர்களே கேட்கட்டும்.

ராசி பலனையும் அப்படியே சோதிக்கலாம். 1948-ல் அமெரிக்காவில் ஃபோரர் என்கின்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, "இது உன்னுடைய குணத்தைப் பற்றித் தனியாக எழுதியது" என்று சொல்லி ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்தார். அது எவ்வளவு சரியாயிருக்கின்றது என்று கேட்டதற்கு, 5-க்குச் சராசரி 4.26 மார்க்கு போட்டார்கள். பிறகு பார்த்தால் 39 சீட்டிலும் ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்கும் ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தது! நமது பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் நாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம். ராசியின் பெயரைக் கத்தரித்துவிட்டு ஒரே பலனை 40 பிள்ளைகளுக்கும் கொடுத்தால், 40 பேரும் "எனக்குத்தான்" என்பார்கள். அன்றைக்கே ராசி பலனின் யோக்கியதை வெளியாகிவிடும். நாம் நூறு மேடையில் தொண்டை கிழியக் கத்துவதைக் காட்டிலும் இந்த ஒரு மணி நேரம் அதிகம் வேலை செய்யும்.

தவிர, யாருக்கு லாபம் என்கின்ற கேள்வியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. தேர்தல் காலத்தில் காசை வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் சேதியாக அச்சடிக்கின்ற வழக்கத்தைப் பற்றி 2010-ல் பிரஸ் கவுன்சில் நியமித்த இருவர் விசாரித்து விரிவாய் அறிக்கை எழுதினார்கள். பத்திரிகைகளின் பெயர்களோடு இருந்த அந்த முழு அறிக்கையை வெளியிடாமல், கவுன்சில் அதைச் சுருக்கி வெளியிட்டது. தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் 2011-ல் முழுவதும் வெளிவந்தது. அதே 2011-ல், காசு கொடுத்துப் போட்ட சேதியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச சட்டசபை அங்கத்தினர் ஒருவரைத் தேர்தல் கமிஷன் தகுதி நீக்கம் செய்தது. பெண்களை வெள்ளையாக்குவதாகச் சொல்லி 1975 முதல் விற்ற ஒரு முகப்பசை, தன் பெயரில் இருந்த "வெள்ளை" என்று பொருள்படும் சொல்லை எடுப்பதற்கு 2020-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. 45 வருஷ காலம் கறுத்த பெண்ணைப் பார்த்து, "நீ இருக்கின்றபடி இருந்தால் உனக்கு வேலையுமில்லை, கல்யாணமுமில்லை" என்று சொல்லியே காசு பறித்திருக்கின்றார்கள். சுயமரியாதைக்கு இதைவிடப் பெரிய விரோதம் வேறென்ன?

இனி, யாருடைய பேச்சு விடுபட்டது என்கின்ற கேள்விக்கு வருவோம். 2006-ல் டெல்லியில் 37 பத்திரிகை, டெலிவிஷன் ஸ்தாபனங்களில் முடிவு செய்யும் இடத்தில் இருந்த 315 பேரை மூன்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது, அதில் தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியினரோ ஒருவர் கூட இல்லை. 13 வருஷம் கழித்து 2019-ல் வெளியான இன்னொரு கணக்கில், செய்தி ஸ்தாபனங்களின் தலைமை ஸ்தானங்கள் 121-ல் 106 மேல்ஜாதியார் கையில் இருந்தன. தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றுகூட இல்லை. சர்க்கார் உத்தியோகத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டபோது "தகுதி போய்விடும், திறமை போய்விடும்" என்று தினந்தோறும் எழுதியவர்கள் யார் என்பதற்கு இந்தக் கணக்கே பதில் சொல்லுகின்றது. எவன் வீட்டில் எழவு விழுந்தாலும் அது சேதியா அல்லவா என்று தீர்மானிக்கின்ற நாற்காலியில் ஒரே கூட்டத்தார் உட்கார்ந்திருந்தால், சேரியில் கொளுத்தப்பட்ட குடிசைக்கு எத்தனை வரி கிடைக்கும்? கோயில் கும்பாபிஷேகத்துக்கு எத்தனை பக்கம் கிடைக்கும்? பிள்ளைகள் அடிக்கோல் வைத்து அளக்க வேண்டும் என்று நாம் சொன்னது இதற்காகத்தான்.

மத்திய போர்டுப் பள்ளிக்கூடங்களில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு ஊடகப் படிப்பு ஒரு விருப்பப் பாடமாக இருக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றது. ஆனால் அது பெரும்பாலும் அத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கான படிப்பு. அதுவும் விருப்பப்பட்ட பள்ளிக்கூடத்தில், விருப்பப்பட்ட பிள்ளைக்கு. சமையல்காரனாகப் போகிறவனுக்குச் சமையல் கற்றுக் கொடுப்பது வேறு. சாப்பிடுகின்ற ஒவ்வொருவனுக்கும் எது கெட்டுப்போன சோறு என்று மோந்து பார்க்கக் கற்றுக் கொடுப்பது வேறு. நாம் கேட்பது இரண்டாவதை. கானடா தேசத்தில் ஒன்டாரியோ மாகாணத்தார் 1987-லேயே ஊடகத்தைப் பரிசீலிப்பதை மொழிப்பாடத்தில் கட்டாயமாக்கினார்கள். பின்லாந்து தேசத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், பலவித ஊடகங்களைப் படித்தறியும் திறமையை எல்லாப் பாடங்களிலும் கலந்தே வைத்திருக்கின்றார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலிருக்கும் கேரளத்தைப் பாருங்கள். தடுப்பூசியைப் பற்றிய பொய்ச் சேதியால் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த தாய் தகப்பன்மாரைக் கண்டு, 2018-ல் கண்ணூர் மாவட்டத்தார் சுமார் 150 அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பொய்ச் சேதியைக் கண்டுபிடிக்கும் வகுப்பு நடத்தினார்கள். 2022-ல் அந்த ராஜ்ய சர்க்கார் 5 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலுள்ள 19 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சென்றது.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரு நாள் முகாம் நடத்தி, போட்டோ பிடித்து, மாலை போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தால் பிரயோஜனமில்லை. இதைப் பரீட்சித்தே பார்த்திருக்கின்றார்கள். 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,200-க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பொய்ச் சேதியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கற்றுக் கொடுக்கும் பரீட்சை நடந்தது. பொதுவாகப் பார்த்ததில் அதனால் சொல்லத்தக்க மாறுதல் ஒன்றும் ஏற்படவில்லை. பிறகு அதே பீகாரில் 583 கிராமங்களில் 13,500-க்கு மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்து, வாரக்கணக்கில் வகுப்பு வைத்து நடத்தியபோது பலன் வந்தது. மெய்யையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கும் திறமை கூடியது. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது மறையவில்லை. அதைவிட விசேஷம், வகுப்புக்கே வராத தாய் தகப்பன்மாருக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பீகார்த் தொழிலாளியின் பெயரால் பொய்ப் படம் பரப்பினார்களோ, அந்தப் பீகார்க் கிராமத்துப் பிள்ளை மெய் பொய் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கின்றான். நம் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டாமா? வாரம் ஒரு மணி, வருஷம் முழுவதும், பரீட்சைக்கு எழுதும் மற்றப் பாடங்களுக்குச் சமமாக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வரும் ஆட்சேபணைகளையும் பார்ப்போம்.

"பையன் ஏற்கெனவே செல்போனும் கையுமாய்க் கெட்டுப்போகின்றான், பள்ளிக்கூடத்திலுமா அது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினாலும் நீச்சல் கற்றுக் கொடுப்பதுதான் காவல். அன்றியும் இந்தப் படிப்புக்குச் செல்போனே வேண்டியதில்லை. பழைய பத்திரிகையும் அடிக்கோலும் போதும். 2022 முதல் நம் அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கென்று "ஊஞ்சல்", "தேன்சிட்டு" என்ற இதழ்களை ஆரம்பித்தார்கள்; சிறுவர் சினிமாவும் திரையிட ஏற்பாடு செய்தார்கள். படம் முடிந்தவுடன் வீட்டுக்கு விரட்டாமல், "இதை எடுத்தவர் எதைக் காட்டினார், எதை மறைத்தார்?" என்று ஒரு வாத்தியார் கேட்டால் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்குப் பக்தி போய்விடும்" என்று வேறு சிலர் பயப்படலாம். கேள்வி கேட்டால் போய்விடுகின்ற பக்தி உண்மையில் என்ன சரக்கு என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரணை உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றார்கள். சட்டத்தில் எழுதியதைப் பள்ளிக்கூடத்தில் நடத்து என்றுதான் நாம் கேட்கின்றோம்.

மூன்றாவது ஆட்சேபணை ஒன்று உண்டு, அது நியாயமானதுமாகும். "புஸ்தகத்தை சர்க்கார்தானே எழுதும்? சர்க்காருக்குப் பிடிக்காத சேதியெல்லாம் பொய், பிடித்ததெல்லாம் மெய் என்று எழுதிவிட்டால்?" என்பது அது. இந்த அபாயத்தை நாம் மறுக்கவில்லை. 1933-ல் "குடி அரசு" எழுதிய ஒரு தலையங்கத்துக்காக அதன் ஆசிரியரும் பதிப்பாளரும் சிறைக்குப் போக நேர்ந்ததை நமது இயக்கத்தார் மறந்துவிடவில்லை. கேள்வியை விரும்புகின்ற சர்க்கார் உலகத்தில் எங்கும் சுலபமாய்க் கிடைப்பதில்லை. ஆகையால் எது மெய், எது பொய் என்று ஜாபிதா போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் புஸ்தகம் வேண்டாம். கேட்பது எப்படி என்று கற்றுக் கொடுக்கும் பாடமே வேண்டும் என்கின்றோம். சர்க்கார் விளம்பரத்தையும் அந்த மேஜையில் வைத்து அறுத்துப் பார்க்கட்டும். அது மாத்திரமல்ல, நமது பத்திரிகையையும் வைத்து அறுத்துப் பார்க்கட்டும். நாம் எழுதுகின்றதிலும் கணக்குத் தப்பு இருக்கலாம், ஆத்திரம் இருக்கலாம், ஒரு பக்கம் சாய்வு இருக்கலாம். அதை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்து ஒரு கார்டில் எழுதுமானால், நம் தலைவர்களைப் பாராட்டி வருகின்ற நூறு கடிதங்களைவிட அதையே நாம் பெரிதாய் மதிப்போம். நம்மை நம்புகின்ற ஆட்களைச் சேர்ப்பதற்காக நாம் இதைக் கேட்கவில்லை. எவனையும் சோதிக்காமல் நம்பாத ஆட்கள் நாட்டில் பெருகவேண்டும் என்பதற்காகவே கேட்கின்றோம்.

தோழர்களே! இது தானாக வந்துவிடாது. ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் தாய் தகப்பன்மார் அடங்கிய மேலாண்மைக் குழு உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் கிராம சபை உண்டு. அவைகளில் எழுந்து நின்று, ஆறாம் வகுப்பு முதல் ஊடகப் படிப்பு ஒரு பாடமாக வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அது வருகின்ற வரையில் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. நமது படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டு, குறுக்கே கேள்வி போட்டு வளர்ந்ததுதான் நமது இயக்கம். அந்த வழக்கத்தையே வாரம் ஒரு மாலை பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுங்கள். அந்த வாரம் ஊரில் சுற்றிய சேதி ஒன்றை நடுவில் வையுங்கள். நான்கு கேள்விகளையும் பிள்ளைகளே கேட்கட்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் அன்றைக்குக் கூடிய கூட்டத்தில், "இந்தச் சேதியை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்க ஒரே ஒரு பிள்ளை இருந்து, அதற்குக் காது கொடுக்க நாலு பேர் இருந்திருந்தால், ஒரு மூதாட்டி உயிரோடு வீடு திரும்பியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை ஊருக்கு ஒன்றாவது உண்டாக்குவதற்குத்தான் இந்தப் படிப்பை நாம் கேட்கின்றோம்.